டிபி என்று 5 மாதம் மாத்திரை, இப்போது சார்காய்டோசிஸ் என்கிறார்கள்: ஒரே நோய் நெஞ்சிலும் கண்ணிலும் எப்படி?

#1 வத்திராயிருப்பான்

அம்மாவுக்கு 54 வயது. போன ஆவணியில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று சுடும். மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். வறட்டு இருமல் என்பதால் சோதனைக்குக் கொடுக்கச் சளியே வரவில்லை. "நெறி, காய்ச்சல், எடை குறைவு. நம்ம ஊரில் இது டிபிதான்" என்று மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் விடாமல் போட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வயிற்றைப் புரட்டும், இருந்தும் போட்டார். ஒட்டுவார் ஒட்டி நோய் என்று தனித்தட்டு, தனி டம்ளர். என் மகளுக்கு ஒரு வயது. அவளை ஐந்து மாதமாக அம்மா தூக்கவே இல்லை.

ஆனால் இருமல் போகவில்லை. நடுவில் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறது என்றார். மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டோம். மூன்று வாரம் ஆகியும் அடங்காததால் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இருமல் உண்டா? காலில் சிவப்பாகக் கட்டி வந்ததா?" என்று கேட்டார். வந்ததுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், தொட்டால் வலிக்கும். பூச்சிக்கடி என்று விட்டிருந்தோம்.

அதற்கப்புறம் மதுரையில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, ஊசியால் நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். சிடி ஸ்கேனில் நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சார்காய்டோசிஸ் என்கிறார்கள். அடுத்த வாரம் ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள்.

டாக்டர் ஐந்து நிமிடம் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. நெஞ்சில், கண்ணில், காலில் வந்தது எல்லாம் ஒன்றுதானா? ஐந்து மாதம் வீணா? ஒட்டுமா, ஒட்டாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கண்ணாடித்தகடு

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். ஒட்டாது. பேத்தியை அம்மா இன்றைக்கே தூக்கலாம்.

நான் நோய்க்குறியியல் லேபில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, மைக்ராஸ்கோப் தகட்டில் என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

உடம்பில் அந்நியப் பொருள் நுழைந்தால், அதை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் உண்டு. விழுங்கியும் அழிக்க முடியாவிட்டால் அவை கூட்டம் கூடி, அதைச் சுற்றி வளைத்து உருண்டையாக நிற்கும். அந்த உருண்டைக்குப் பெயர் கிரானுலோமா. டிபியில் உருண்டையின் நடுப்பகுதி செத்து, திரிந்த பாலை வடிகட்டி வைத்தது போல இருக்கும். சார்காய்டோசிஸில் அப்படிச் சிதைவு இருக்காது, உருண்டை கெட்டியாக, முழுசாக இருக்கும். உள்ளே கிருமியும் தென்படாது. கள்ளனே இல்லாத வீட்டைச் சுற்றி ஊரே கம்போடு நிற்கிற மாதிரி. எதைக் கண்டு அந்தக் கூட்டம் முதலில் கூடியது என்பது இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மரபணுவில் ஏதோ ஒரு சாய்வு, அதன்மேல் மூச்சு வழியாகப் போன ஏதோ ஒரு தூண்டுதல் என்று நினைக்கிறார்கள். நியூயார்க்கில் 2001-ல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அந்தத் தூசியில் வேலை செய்த தீயணைப்புக்காரர்களிடம் இந்த நோய் அதிகமாகத் தென்பட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. காவல் செல்கள் எல்லாமே ஓரிடத்தில் குடியிருப்பவை அல்ல. பல செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் உடம்பெங்கும் சுற்றுகின்றன. அதனால் உருண்டை எங்கே வேண்டுமானாலும் உருவாகலாம். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் நுரையீரலிலோ அதையொட்டிய நெறிகளிலோ இருக்கும். அதோடு தோல், கண், கல்லீரல், நரம்பு, இதயம், உமிழ்நீர்ச் சுரப்பி என்று ஆளுக்கு ஆள் மாறும். பழைய தழும்பிலும் பச்சை குத்திய இடத்திலும்கூடத் தடித்து வரும். காலில் வந்த கட்டி மட்டும் வேறு மாதிரி. தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் அழற்சி அது, கிரானுலோமா அல்ல. ஆனால் அதுவும் இதே கலகத்தின் பக்கவிளைவுதான்.

ஆரம்பத்தில் இதை நெஞ்சு நோயாகவே யாரும் பார்க்கவில்லை. லண்டனில் ஹட்சின்சன், பாரிசில் பெஸ்னியே, நார்வேயில் பேக் என்று தோலை ஆராய்ந்தவர்கள்தான் முதலில் கண்டார்கள். பேக் 1899-ல் 'சார்காய்டு' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதை போன்றது என்று பொருள். சார்கோமா என்ற புற்றுநோய் மாதிரி காதில் விழுந்து பலர் அரண்டு போகிறார்கள். அது வேறு, இது புற்றுநோய் இல்லை.

#3 நெருப்புடா

ஐந்து மாதம் தப்பான மருந்து கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் கிரேக்கம் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களா? நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடுங்கள் சகோ. டெஸ்ட் எடுக்காமல் டிபி மாத்திரை கொடுப்பதே குற்றம்.

#4 சானடோரியம் ஸ்டேஷன்

நெருப்புடா அவர்களே, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு சார்காய்டோசிஸ் வந்து 11 வருடம். எனக்கும் முதலில் டிபி மாத்திரைதான், நான்கு மாதம். கோபம் எனக்கும் இருந்தது. அதைக் குறைத்தது என் சித்தப்பா மகனுக்கு நடந்த கதை. அவனுக்கு நேர் எதிராக நடந்தது. சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரண்டு வாரம் பசி எடுத்தது, தெம்பாக இருந்தான், எல்லோருக்கும் சந்தோஷம். ஆறாவது வாரம் காய்ச்சல் மூளை வரை போய்விட்டது. உள்ளே இருந்தது டிபி. ஸ்டீராய்டு எதிர்ப்பை அமுக்கியதும் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. பிழைத்தான், ஆனால் ஒரு காது போயிற்று.

இரண்டு தப்பில் எது பெரிய தப்பு என்று டாக்டர் பார்க்கிறார். டிபி இல்லாதவருக்கு டிபி மாத்திரை கொடுத்தால் சில மாதம் போகும், கல்லீரல் கொஞ்சம் கஷ்டப்படும். டிபி உள்ளவருக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நார்வேயிலோ சுவீடனிலோ இப்படி நெறியோடு ஒருவர் வந்தால் அங்குள்ள டாக்டருக்கு முதலில் சார்காய்டோசிஸ் ஞாபகம் வரும். தாம்பரத்தில் 1928-ல் ஒரு சானடோரியம் கட்டி, ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயரை வைத்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு முதலில் டிபிதான் ஞாபகம் வரும், வரவும் வேண்டும்.

அதற்காக நடந்தது எல்லாம் சரி என்று சொல்லவில்லை. என் குறை வேறு. இரண்டு மாத மாத்திரைக்கு அசையாத நோயைப் பார்த்து "நாம் நினைத்தது தப்போ" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அம்மா விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது கண் டாக்டர். நெஞ்சுக்கு மருந்து கொடுத்தவர்கள் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

#5 நெருப்புடா

சரி, கேஸ் வேண்டாம். ஆனால் முதல் நாளே சதை எடுத்திருக்கலாமே? அதற்கு என்ன பதில்?

#6 கண்ணாடித்தகடு

நல்ல கேள்வி. எடுத்திருக்கலாம், எடுத்திருக்கவும் வேண்டும். ஊசியும் ஸ்கேனும் சேர்ந்த அந்தக் குழாய்ப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடையாது, தனியாரில் செலவும் அதிகம் என்பது நிஜம். ஆனால் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்?

அதே சமயம், சதை எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். நான் மேலே சொன்ன 'திரிந்த பால்' வித்தியாசம் பாடப்புத்தகத்தில் சுத்தமாக இருக்கும், தகட்டில் அப்படி இருக்காது. டிபியிலும் சிதைவில்லாத உருண்டை வரும். எடுத்த துணுக்கில் சிதைந்த பகுதி மாட்டாமலும் போகும். எங்கள் ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா உள்ள அழற்சி, நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்றுதான் பெரும்பாலும் முடிப்போம். நோயாளிகள் அதைப் பார்த்து எங்களைத் திட்டுவார்கள். அதற்கு மேல் எழுதினால் அது பொய்.

அதனால் அதே சதையை, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும், டிபி கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். வளர்ப்பின் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகும். இன்னொரு துப்பு, கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டு டெஸ்ட். நம் நாட்டில் டிபி இல்லாத பலருக்கும் அது தடிக்கும். சார்காய்டோசிஸ் இருந்தால் பெரும்பாலும் தடிக்கவே தடிக்காது. நெறியும் உருண்டையுமாக இருக்கும் ஒருவருக்குக் கை மொழுமொழுவென்று இருந்தால் அது டிபிக்கு எதிரான சாட்சி. ஏசிஇ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். கூடினால் சார்காய்டோசிஸ் என்று இணையத்தில் போட்டிருக்கும். வேறு நோயிலும் கூடும், இந்த நோய் இருந்தும் பலருக்குக் கூடாது. அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

#7 நலம்நாடி

ஸ்டீராய்டு எல்லாம் வேண்டாம் தம்பி, உடம்பை உருக்கிவிடும். அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இதெல்லாம். காலை வெயிலில் அரை மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள், மீன் எண்ணெய் மாத்திரை, ஆட்டுக்கால் சூப் கொடுங்கள். என் நண்பருக்கு மூன்று மாதத்தில் எல்லாம் கரைந்துவிட்டது.

#8 காவிரிக்கரை மருமகள்

தயவுசெய்து வேண்டாம். எழுதியே தீர வேண்டும் என்று வந்தேன்.

இரண்டு வருடம் முன்பு எனக்கு சார்காய்டோசிஸ் தெரிந்து, மூச்சுப் பரிசோதனை நன்றாக இருந்ததால் மருந்து இல்லாமல் கவனித்து வந்தார்கள். அசதியாக இருக்கிறது என்று வேறோர் இடத்தில் காட்டினேன். ரத்தத்தில் விட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு பாக்கெட், 60,000 யூனிட், பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். நம் ஊரில் யாருக்குத்தான் அது எழுதப்படவில்லை! எனக்கு இருக்கும் நோயை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் தீராத தாகம். ராத்திரி ஐந்து முறை பாத்ரூம். மலச்சிக்கல், வாந்தி. ஒரு நாள் மகள் பெயரே வாயில் வரவில்லை. கால்சியம் 13.8. பத்தரைக்கு மேலேயே அதிகம் என்பார்கள். சிறுநீரகமும் கெட்டுப்போகத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் சலைன் ஏற்றி, ஸ்டீராய்டு கொடுத்த பிறகுதான் இறங்கியது.

காரணத்தைப் பிறகு விளக்கினார்கள். விட்டமின் டி வேலை செய்ய வேண்டுமானால் அதைச் சிறுநீரகம் கடைசிக் கட்டமாக மாற்றித் தர வேண்டும். தேவை எவ்வளவோ அவ்வளவுதான் மாற்றும். ஆனால் இந்தக் கிரானுலோமா செல்களும் அதே வேலையைச் செய்கின்றன, அவற்றுக்குத்தான் நிறுத்தம் தெரியாது. சேமிப்பு விட்டமின் குறைவாகவும், வேலை செய்யும் விட்டமின் கூடுதலாகவும் இருக்கும். சாதாரண டெஸ்ட் சேமிப்பை மட்டும்தான் அளக்கும். குறைவு என்று மேலும் கொடுத்தால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை.

நலம்நாடி ஐயா, மீன் ஈரல் எண்ணெயில் இருப்பதும் விட்டமின் டிதான். வெயிலில் கிடைப்பதும் அதுதான். சூப் குடிக்கட்டும், அதில் ஒன்றும் இல்லை. அப்புறம், எதிர்ப்புச் சக்தி குறைந்து வந்த நோய் இல்லை இது. அது அடங்காமல் ஆடுவதால் வந்தது. உங்கள் நண்பருக்குக் கரைந்திருக்கும், நம்புகிறேன். இந்த நோய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பெயர் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பொருளுக்குப் போய்விடுகிறது.

தம்பி, ஸ்டீராய்டோடு எலும்புக்கு என்று கால்சியமும் டியும் சேர்த்து எழுதுவது வழக்கம். எழுதினால், கால்சியம் அளவு பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

#9 மட்டுறுத்துநர்

கேஸ், கோர்ட் பேச்சு இங்கே போதும். மருந்து அளவை இந்த இழையைப் படித்து யாரும் மாற்ற வேண்டாம்.

#10 பீளமேடு

யாரும் இதயத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. என் கணவருக்கு 41 வயதில் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இருமல் இல்லை. பேட்மிண்டன் ஆடும்போது மயங்கி விழுந்தார். ஈசிஜியில் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்னோட்டம் முழுசாக அடைபட்டிருந்தது. வயசானவர்களுக்கு வருவது இது, இந்த வயதில் ஏன் என்று ஒரு இளம் டாக்டர் விடாமல் தேடினார். எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் எடுத்தபோது இதயத் தசையில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. வெளியே காட்டும் இதயப் பாதிப்பு நூற்றில் ஐந்து பேருக்குத்தான் என்றார்கள். ஆனால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளில் நான்கில் ஒருவருக்கு இருந்திருக்கிறது. சத்தமில்லாமல் இருக்கும், திடீரென்று ஆளைச் சாய்க்கும்.

இப்போது அவருக்குத் தோளுக்குக் கீழே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், துடிப்பு தப்பினால் அதுவே அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யும். போன மாதம் மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தார்களா? படபடப்பு, தலைசுற்றல் உண்டா என்று கேளுங்கள்.

#11 வத்திராயிருப்பான்

ஈசிஜி எடுக்கவில்லை. நாளைக்கே கேட்கிறேன் அக்கா. கால்சியமும் பார்க்கச் சொல்கிறேன். ஸ்டீராய்டு எவ்வளவு நாள் போட வேண்டியிருக்கும்? அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, அதுதான் பயம்.

#12 சானடோரியம் ஸ்டேஷன்

சர்க்கரை ஏறும். என் சர்க்கரை 280 வரை போயிற்று, முகம் பூரி மாதிரி உப்பியது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குவேன். மனைவி பயந்துவிட்டாள். மருந்து குறையக் குறைய எல்லாம் இறங்கியது, அலமாரி மட்டும் சுத்தமாகவே இருக்கிறது.

காலம், பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம், படிப்படியாகக் குறைப்பார்கள். எனக்கு 40 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இப்போது அவ்வளவு தேவையில்லை என்கிறார்கள். சண்டிகரில் உள்ள அரசு முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 86 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 40, மறு பாதிக்கு 20 என்று தொடங்கிப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பியதில் வித்தியாசம் இல்லை. 2023-ல் வெளியானது. நம் நாட்டு நோயாளிகளிடமே செய்த ஆய்வு என்பதால் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அது நுரையீரல் நோய்க்கு. இதயம், நரம்பு, கண்ணின் பின்பகுதி என்றால் கணக்கு வேறு.

ஸ்டீராய்டு ஒத்துவராவிட்டால் மெத்தோட்ரெக்சேட் இருக்கிறது. 2025-ல் நெதர்லாந்தில் வந்த ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டீராய்டுக்குப் பதில் அதைக் கொடுத்தாலும் நுரையீரல் கொள்ளளவு கிட்டத்தட்ட அதே அளவு தேறியது என்று பார்த்திருக்கிறார்கள், மெதுவாகத்தான் பிடிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் என்று நினைத்துப் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து ஐசியூவுக்குப் போனவரை என் பக்கத்துப் படுக்கையிலேயே பார்த்தேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் 'மா' என்று எழுதியிருக்கும்.

இன்னொன்று, டிபி மாத்திரை இன்னும் ஓடுகிறதா, நிறுத்திவிட்டார்களா? அந்த ஆரஞ்சு நிற மருந்து ஸ்டீராய்டைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஸ்டீராய்டு பாதிதான் வேலை செய்யும். இதை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், முக்கியமாக ஸ்டீராய்டை. திடீரென்று நிறுத்தினால், தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்துபோயிருக்கும் உடம்பு சுருண்டு விழும்.

#13 கண்ணாடித்தகடு

ஒரு சேர்க்கை. காலில் சிவப்புக் கட்டி, கணுக்கால் வீக்கம், நெஞ்சில் நெறி மூன்றும் சேர்ந்து திடீரென்று வந்தால் சுவீடனின் லோஃப்கிரென் பெயரில் ஒரு வகையாகச் சொல்வார்கள், பெரும்பாலும் தானாக அடங்கும் வகை. அம்மாவுக்குக் கட்டி வந்ததால் அதுதான் என்று நினைத்து மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணில் அழற்சி இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு கண் அழுத்தம் ஏறும், பார்வை போகும். கண் டாக்டரிடம் தவறாமல் போய்வர வேண்டும், சிவப்பு போன பிறகும்.

#14 வத்திராயிருப்பான்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டிபி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். கிருமி வளர்ப்பில் ஒன்றும் வளரவில்லை. கால்சியம் 10.1. ஈசிஜி, எக்கோ இரண்டும் சரி. 20 மில்லிகிராமில் தொடங்கி, போன வாரம் 15-க்குக் குறைத்தார்கள். இருமல் பத்தாவது நாளே நின்றுவிட்டது. கண்ணுக்குச் சொட்டு மருந்து இன்னும் போகிறது. சர்க்கரை 210, அதற்கும் மாத்திரை சேர்ந்திருக்கிறது.

டிபி பிரிவிலிருந்து ஒரு அக்கா இன்னமும் வாரம் தவறாமல் போன் செய்து "மாத்திரை போட்டாச்சாம்மா" என்று கேட்கிறார். அம்மாவுக்கு அவரிடம் டிபி இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, "போட்டாச்சு" என்கிறார். நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

பேத்தியைத் தூக்கத் தொடங்கிவிட்டார். தட்டை மட்டும் இன்னும் தனியாகவே வைத்திருக்கிறார், சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். 15-க்குக் குறைத்ததிலிருந்து மூட்டெல்லாம் வலிக்கிறது, படுத்தே கிடக்க வேண்டும் போல இருக்கிறது என்கிறார். மருந்து குறைவதாலா, நோய் திரும்புகிறதா? அடுத்த செக்கப் இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து.

#15 சானடோரியம் ஸ்டேஷன்

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் நாலைந்து நாள் அப்படித்தான் இருந்தது, பிறகு சரியானது. ஆனால் இருமலோ கண் சிவப்போ கூடவே வந்தால் அது வேறு கதை. பன்னிரண்டு நாள் காத்திருக்காதீர்கள், நாளைக் காலையிலேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அதுவரை 15-ஐயே கொடுங்கள், நீங்களாகப் பழைய அளவுக்குப் போக வேண்டாம். கண் மங்கலாக இருக்கிறதா என்று மட்டும் இன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.